பேஸ் கேட்கவில்லையா? வால்யூமில் கை வைக்காதீர்கள்

எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் தாளை மேசையில் விரித்து, 4000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 4000 அதிர்வு, மேல்சுருதி) நேரே கோடு பள்ளமாக இறங்கியிருப்பதைத் தொட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் மேடம். என்கிட்ட இருக்கிறதெல்லாம் கீழ்ச்சத்தம். மேல்சத்தம் எப்படிப் போகும்?"

வாரநாட்களில் அலுவலகம், வாரக்கடைசியில் நண்பர்களோடு பேண்ட். ஏழெட்டு வருடமாக இப்படித்தான் போகிறது. காது கேட்கவில்லை என்று அவர் வரவில்லை. இரவில் விளக்கை அணைத்துப் படுத்தால் காதுக்குள் 'ஙொய்' என்ற இரைச்சல் அடங்கவில்லை என்றுதான் வந்தார்.

கேட்பியல் நிபுணராக நான் பார்க்கும் இசைக்காரர்களில் பெரும்பாலோர் இவரைப் போன்ற அமெச்சூர்கள். தொழில்முறைக் கலைஞர்களுக்குச் சத்தத்தைக் கவனிக்க என்றே ஒரு பொறியாளர் இருப்பார், தன் வாசிப்பைக் கேட்கக் காதுக்குள் மானிட்டர் இருக்கும். அமெச்சூர் பேண்டுக்கு இருப்பது ஒரு சின்ன அறை, ஒரு டிரம் செட், இரண்டு மூன்று ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி), ஆளுக்கொரு வால்யூம் குமிழ். அதனால் அவர் கேட்ட கேள்விக்கு இங்கே விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நான்கு கம்பி பேஸில் மிகக் கீழே இருக்கும் ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பி இருந்தால் ஏறக்குறைய 31. நம் காதுத் துளை ஒரு குழாய் மாதிரி. 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய சத்தத்தை அதுவே பெருக்கி உள்ளே அனுப்பும். பலவகைச் சத்தமும் கலந்து மோதும்போது உட்காதில் அடி விழுவது அதற்குச் சற்று மேலே, 4000-ஐ ஒட்டிய இடத்தில். ஒத்திகை அறையில் அப்படி மோதுவது பெரும்பாலும் பேஸ் அல்ல. பக்கத்தில் நிற்கும் டிரம்மரின் ஸ்னேரும் கிராஷ் சிம்பலும் கிட்டார் ஆம்பும்தான். பேசிஸ்ட் வழக்கமாக நிற்கும் இடமே டிரம்மரின் ஹை-ஹாட் சிம்பல் ஓரம்.

சரி, அப்படியென்றால் பேஸுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. பல பேண்டுகளில் வால்யூம் பந்தயத்தைத் தொடங்கி வைப்பதே பேஸ்தான்.

மனிதக் காதுக்குக் கீழ்ச்சத்தம் லேசில் உறைக்காது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். 1000 ஹெர்ட்ஸில் 60 டெசிபலாகக் கேட்கும் ஒரு சத்தத்துக்கு இணையாக 40 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமென்றால், 30 டெசிபலுக்கும் மேல் கூடுதலாக வேண்டும். பேசிஸ்டுக்குத் தன் வாசிப்பு கேட்கவில்லை, குமிழைத் திருகுகிறார். கிட்டாரிஸ்ட் தன் சத்தம் அமுங்கிவிட்டது என்று அவரும் திருகுகிறார். டிரம்மருக்குக் குமிழ் கிடையாது, கையை ஓங்குகிறார். பாடுகிறவர் கத்துகிறார். மூன்றாவது பாட்டுக்குள் அறை முழுக்க ஏறிவிடும். இத்தனைக்கும் பேஸ் அப்போதும் கேட்காது. 100 வாட் ஆம்பை விட்டு 200 வாட் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். இந்தப் பந்தயத்தில் பேசிஸ்ட் ஜெயிக்கவே முடியாது.

அறையும் சேர்ந்து ஏமாற்றும். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல், பல ஒத்திகை அறைகளே அவ்வளவு நீளம் இருக்காது. அலை சுவரில் முட்டித் திரும்பித் தன்னோடு தானே மோதும். ஒரு மூலையில் குமுறும், இரண்டடி தள்ளி நின்றால் காணாமல் போகும். போதாததற்கு, ஆம்பைத் தரையில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நிற்பார்கள். வாசிப்பைத் தெளிவாக்கும் மேல்பகுதிச் சத்தம் நேர்கோட்டில் போகும் குணமுள்ளது, அது முழங்காலில் போய் அடிக்கும். காலுக்குக் காது இல்லையே! எதிர்ச்சுவரோரம் நிற்பவரோ குமுறல் தாங்காமல் முகத்தைச் சுளிப்பார். ஆம்பை ஒரு நாற்காலி உயரத்துக்கு ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்துக் காதைப் பார்க்க வையுங்கள். காசில்லாத வைத்தியம் இது. என்னிடம் வரும் பேசிஸ்டுகளிடம் ஆடியோகிராமுக்கு முன்பே நான் கேட்பது "உங்கள் ஆம்ப் எங்கே இருக்கிறது?" என்பதைத்தான்.

அடுத்தது பெடல்: கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து, காலால் அழுத்திச் சத்தத்தின் தன்மையை மாற்றும் சின்னப் பெட்டி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் இங்கே இசைக்கும் காதுக்கும் சண்டையே இல்லை.

உங்கள் கைபேசியில், இயர்ஃபோன் இல்லாமல், ஒரு பாட்டைப் போடுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் பேஸ் எங்கே போகிறது என்று உங்களால் முணுமுணுக்க முடிகிறது. எப்படி? ஒரு கம்பியைத் தட்டினால் அடிச்சுருதியோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே பிறக்கின்றன: 82, 124, 165 என்று மேலே மேலே. அடிச்சுருதி வராவிட்டாலும் இந்த மடங்குகளின் இடைவெளியை வைத்து மூளை அதைக் கட்டிக்கொள்கிறது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், ஃபஸ் பெடல்கள் செய்வது இந்த மடங்குகளை அள்ளிச் சேர்ப்பதுதான். காது கூர்மையாக இருக்கும் பகுதிக்கே பேஸைத் தூக்கிக் கொடுக்கின்றன. அதாவது, குறைந்த வால்யூமில் பேஸைக் கேட்க வைக்கின்றன.

அந்த நண்பரின் ஒத்திகை அறைக்கே ஒருநாள் ஒலிமானியோடு போனேன். அவர் காது உயரத்தில் அதை நிறுத்தி ஒரு பாட்டு முழுக்க அளந்தோம். சராசரி 100 டெசிபலை ஒட்டி வந்தது. அப்புறம் அவருடைய ஓவர்டிரைவ் பெடலைப் போடச் சொன்னேன். கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழ் ஒன்பது மணி முள் மாதிரி, கொஞ்சம்தான். பெடல் படாத சத்தத்தைக் கலக்கும் பிளெண்ட் குமிழில் பாதி சுத்தச் சத்தம், இல்லாவிட்டால் அடி வற்றிப்போகும். ஆம்பில் பேஸ் குமிழைச் சற்று இறக்கி, 800 ஹெர்ட்ஸ் பக்கம் மிட் (நடுச்சத்தம்) சற்று ஏற்றம். தனியாகக் கேட்டபோது கரகரவென்று இருந்தது, அவருக்கே பிடிக்கவில்லை. பேண்டோடு சேர்ந்ததும் அந்தக் கரகரப்பு கரைந்துபோய், விரல் விழுவது ஒவ்வொன்றும் கேட்டது. டிரம்மர் நடுவிலேயே குச்சியை நிறுத்திவிட்டு, "இப்பதான்டா நீ என்ன வாசிக்கிறேன்னே கேக்குது" என்றார். அதன்பிறகு ஆம்பின் மாஸ்டர் குமிழை இறக்கினார். கிட்டாரிஸ்டும் யாரும் சொல்லாமலே தன்னுடையதை இறக்கினார். அதே பாட்டை மறுபடி அளந்தோம். 94.

அந்த 6 டெசிபல் சின்ன எண் அல்ல. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரையறைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 என்றால் 15 நிமிடம், 94 என்றால் ஒரு மணி நேரம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒலிமானியில் நாங்கள் பயன்படுத்தும் 'ஏ' அளவுகோல் 40 ஹெர்ட்ஸ் சத்தத்தை ஏறக்குறைய 35 டெசிபல் தள்ளுபடி செய்தே காட்டும். ஆகவே அந்த இறக்கம் பேஸ் குறைந்ததால் மட்டும் வந்ததல்ல. பேஸ் தெளிவானதும் மற்றவர்கள் இறங்கினார்களே, அதனால் வந்தது.

எல்லாப் பெடலும் இப்படி உதவாது. ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி இறக்கும் கீழ் ஆக்டேவ் பெடல் ஈ கம்பியை 20.6 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகும், மனிதக் காதின் அடிவாசல் அது. ஆம்பின் வலுவெல்லாம் அதிலேயே செலவாகும், கேட்பதோ சுவரும் கதவும் அதிர்வதுதான். சின்ன அறையில் மேல் ஆக்டேவைச் சேர்த்துப் பாருங்கள். கம்ப்ரசர் நல்ல தோழன், அமுங்கும் ஸ்வரங்களைத் தூக்கி நிறுத்தும். ஆனால் அதன் வெளியீட்டுக் குமிழை அதிகம் ஏற்றினால் மொத்தமும் ஏறிவிடும். பெடல் போட்டாலும் எடுத்தாலும் அளவு ஒன்றாக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பெடலோடு வரும் ஆபத்துகளில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது வீட்டில், இரவில், ஹெட்ஃபோனில் நடப்பது. வாசித்ததை எதிரொலி மாதிரித் திரும்ப ஒலிக்கும் டிலே பெடலில் ரிப்பீட் குமிழைக் கடைசிவரை திருப்பினால் சத்தம் தன்னையே ஊட்டி வளர்ந்து சில நொடிகளில் அலறலாகும். அறையில் என்றால் நாலடி பின்னால் போகலாம், ஹெட்ஃபோனில் போக இடமில்லை. தட்டும் வேகத்துக்கேற்ப 'வாவ்' என்று சத்தத்தை மாற்றும் என்வலப் ஃபில்டரில் ரெசனன்ஸ் குமிழை அதிகம் வைத்தால் ஒரே ஒரு அலைவரிசை ஊசி மாதிரி எழும்பும், அது உலவும் இடமோ காது மிகக் கூர்மையாக இருக்கும் அதே பகுதி. புதிய பெடலைச் சேர்க்கும்போது ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். பெடலின் லெவல் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். கேபிள் செருகி, ஒரு ஸ்வரம் தட்டி, அப்புறம் மாட்டிக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். பல பெடல்கள் ஒன்றாக இருக்கும் மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர்கள், சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்றை வரிசையின் கடைசியில் போட்டுவிடுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு அற்புதமாக இருந்த டோன் காலையில் கேட்டால் காதைக் கிழிப்பதை எஃபெக்ட்ஸ் பிரியர்கள் எல்லோருமே அறிவார்கள். மனநிலைதான் காரணம் என்பார்கள். அதில் காதின் களைப்பும் இருக்கலாம். உரத்த சத்தத்தில் சில மணி நேரம் இருந்தால் மேல்சத்தம் தற்காலிகமாக மங்கும். மங்கியதை ஈடுகட்ட டிரெபிளை ஏற்றுவோம், மேலும் மங்கும், மேலும் ஏற்றுவோம். 45 நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு வந்து குமிழைத் தொடுங்கள். டோனும் நேராக அமையும்.

காதடைப்பான் விஷயத்தில் பேசிஸ்டுகள் சொல்லும் குறை நியாயமானது. சாதாரண ஃபோம் அடைப்பான் மேல்சத்தத்தை அதிகமாகவும் கீழ்ச்சத்தத்தைக் குறைவாகவும் தடுக்கும். பேஸ் சேறு மாதிரிக் கேட்கும், எரிச்சலில் கழற்றிவிடுவார்கள். எல்லாச் சத்தத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இசைக்காரர் அடைப்பான்கள் தனியாக இருக்கின்றன. எடிமோடிக் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த ஈஆர்-15 அந்த வகையில் முன்னோடி, எல்லா அலைவரிசையிலும் சுமார் 15 டெசிபல் குறைக்கும். காதின் அச்சு எடுத்துச் செய்தால் இன்னும் பொருந்தும். முதல் இரண்டு ஒத்திகைக்கு விநோதமாகத்தான் இருக்கும், வீட்டில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பஞ்சும் டிஷ்யூவும் எதற்கும் ஆகாது.

அதே 1988-இல்தான் கேத்தி பெக் என்ற பேசிஸ்ட், ராக் இசைக்காரர்களின் செவிப் பாதுகாப்புக்காக 'ஹியர்' என்ற அமைப்பைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார். மேடைச் சத்தத்தில் தன் செவித்திறனை இழந்தவர் அவர். அந்த வேலையை ஒரு பேஸ் கலைஞர் கையிலெடுத்தார் என்பதை நோயாளிகளிடம் நான் அடிக்கடி சொல்வேன்.

"டெஸ்ட் நார்மல்னு வந்துடுச்சு, இனி பயமில்லை" என்று யாராவது எழும்போது அவரைத் திரும்ப உட்கார வைப்பேன். உட்காதில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. குஜாவாவும் லிபர்மனும் 2009-இல் எலிகளிடம் கண்டது இன்னும் யோசிக்க வைப்பது: உரத்த சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழையபடி திரும்பியது, ஆனால் மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பெரும் பங்கு திரும்பவில்லை. ஆடியோகிராமில் பள்ளம் விழாத காலத்திலேயே காதை அடைக்கத் தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒத்திகை முடிந்த மறுநாள் காலையிலும் இரைச்சல் நிற்கவில்லை என்றால், கூட்டத்தில் பேச்சு பிரியாமல் குழம்பினால், ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் வேறு வேறு சுருதியாகக் கேட்டால், செவித்திறன் சோதனைக்கு வாருங்கள். ட்யூனரையும் கம்பியையும் குறை சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காது திடீரென்று மந்தமானால் அடுத்த ஒத்திகைவரை காத்திருக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்கான மருந்து முதல் சில நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும், வாரங்கள் கடந்தால் பயன் வெகுவாகக் குறைந்துவிடும்.