தொண்டைக்குள் வெடிக்கும் மெய்

மூச்சை அடைத்துக்கொள்ளுங்கள். அடைத்தபடியே 'க்' என்று சொல்லிப் பாருங்கள். காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல 'டக்'கென்று ஒரு சத்தம் வந்ததா? தெற்கு எத்தியோப்பியாவின் கோரேட்டே மொழியில் அது ஒரு மெய்யொலி.

அபயா, சாமோ ஏரிகளுக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கிறது அமாரோ மலைத்தொடர். அங்கே வாழும் கோரே மக்களின் மொழி இது. 2007 கணக்கெடுப்பில் அவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். காப்பியும் பயிரிடுகிறார்கள், என்செட்டும் பயிரிடுகிறார்கள். என்செட் பார்வைக்கு வாழைதான். ஆனால் உணவாவது பழமல்ல, தண்டும் கிழங்கும். கோரேட்டே, ஒமோட்டிக் என்ற மொழிக்கூட்டத்தைச் சேர்ந்தது. அரபும் எபிரேயமும் அடங்கிய பெருங்குடும்பத்தில் அதைச் சேர்ப்பது வழக்கம். சேர்க்கலாமா என்ற வாதமும் ஓயவில்லை.

அந்த 'டக்' எப்படிப் பிறக்கிறது? தமிழில் எந்த மெய்யைச் சொன்னாலும் காற்றைத் தள்ளுவது நுரையீரல்தான். இங்கே நுரையீரலுக்கு வேலையே இல்லை. கீழே குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன, மேலே நாக்கு அண்ணத்தை அடைக்கிறது. நடுவில் சிக்கிய கொஞ்சம் காற்றைக் குரல்வளை மேலெழும்பி நெருக்குகிறது; சைக்கிள் பம்பை அழுத்துகிற மாதிரி. நாக்கு விலகியதும் காற்று வெடித்து வெளியேறும். நொடியின் சிறு துளி அளவு மௌனம். பிறகுதான் குரல்நாண்கள் திறந்து உயிரொலி தொடங்கும். தொண்டை மேட்டில் விரலை வைத்துச் சொல்லுங்கள், அது மேலேறுவது தெரியும். இவ்வகை ஒலிக்கு எஜெக்டிவ் என்று பெயர். கோரேட்டேயில் இதற்கு நேரெதிரான ஒரு 'ட'வும் உண்டு. அதில் குரல்வளை கீழிறங்கும், காற்று உள்ளே இழுபடும். சிந்தி பேசுகிறவர்களுக்கு அது பழகிய ஒலி.

மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, வாய்க்காற்றை நெருக்குவது எளிது, அதனால்தான் இவ்வொலிகள் உயரமான இடங்களில் மிகுதி என்று மொழியியலாளர் கேலப் எவரெட் 2013இல் எழுதினார். அழகான கருத்து. ஆனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. எத்தியோப்பியாவின் தெற்கே வெக்கையான தாழ்நிலங்களில் மாடு மேய்க்கும் போரானா ஒரோமோ மக்களின் பேச்சிலும் எஜெக்டிவ் உண்டு. நைஜீரியச் சமவெளியின் ஹௌசா மொழியிலும் உண்டு. அமாரோவில் உயரத்தைவிட அக்கம்பக்கத்துப் பேச்சுக்கே அதிகப் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். மலையின் கிழக்கே குஜி ஒரோமோக்கள், நாட்டின் பொதுப் பேச்சாக அம்ஹாரிக்: இரண்டிலும் இதே வெடிப்பு. நாம் சாதாரணமாக 'எத்தியோப்பியா' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அம்ஹாரிக்கில் அந்தப் பெயரில் வரும் 'ப்ப'வே ஓர் எஜெக்டிவ்தான்.