மடக்குக் கத்தியில் அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது?

ஒரு புதிய பட்டறை பழைய பாணியில் மடக்குக் கத்தி செய்யப்போகிறது என்று தெரிந்தால், காத்திருப்பவர்கள் முதலில் கேட்பது என்ன எஃகு, பிடி மரமா எலும்பா, அலகு எவ்வளவு நீளம் என்பதைத்தான். எனக்கு அதெல்லாம் அப்புறம். நான் காத்திருப்பது ஓர் ஓசைக்காக. அலகைத் திறக்கும்போது பாதி வழியில் ஒரு 'டக்'. முழுதாகத் திறந்ததும் இன்னொரு 'டக்'. இரண்டும் சுத்தமாக விழுந்தால், அந்தப் பட்டறைக்கு வேலை தெரியும் என்று பெட்டியைப் பிரித்த அரை நிமிடத்திலேயே சொல்லிவிடலாம்.

பழைய பாணி என்று இங்கே சொல்வது பூட்டு இல்லாத கத்தியை. அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்து வைத்திருப்பது பிடியின் முதுகில் ஓடும் ஓர் எஃகுப் பட்டை மட்டும்தான். அதுதான் ஸ்பிரிங். அதன் ஒரு பாதி பிடியோடு ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். மறுபாதி, அலகு சுழலும் அச்சாணியை நோக்கி நீண்டு, அலகின் அடிப்பகுதியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும்.

அந்த அடிப்பகுதியின் வடிவத்தில்தான் சூட்சுமம். அது கிட்டத்தட்ட ஒரு சதுரம். சதுரத்தின் தட்டையான பக்கம் ஸ்பிரிங்கின் மேல் படிந்திருக்கும்போது அலகு அசையாது. திறக்கத் தொடங்கினால் சதுரத்தின் மூலை ஸ்பிரிங்கைத் தூக்கும். அச்சிலிருந்து மூலைக்கு உள்ள தூரம், பக்கத்துக்கு உள்ள தூரத்தைவிட அதிகம் அல்லவா, அந்த வித்தியாசம் அளவுக்கு ஸ்பிரிங் வளைகிறது. மூலை கடந்ததும் அடுத்த தட்டைப் பக்கத்தில் போய் விழுகிறது. விழும் சத்தம்தான் 'டக்'. மூடிய நிலை, பாதி, முழுத் திறப்பு என மூன்று நிலைகளுக்கும் மூன்று தட்டைப் பக்கங்கள். பாதியில் நிற்க வேண்டாம் என்று நினைக்கும் பட்டறைகள் நடுப் பக்கத்தை வளைவாக உருட்டிவிடுவார்கள். அப்போது அலகு தடையின்றி ஓடி, கடைசியில் ஒரே ஒரு முறை சத்தம் போடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு முனையில் பிடிக்கப்பட்ட பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஸ்பிரிங் 2.75 ஆகிவிட்டால், கூடியது பத்து சதவீதம்தான். ஆனால் விறைப்பு 33 சதவீதம் ஏறிவிடும். வளையும் நீளம் பத்து சதவீதம் குறைந்தாலும் இதே கதை, 37 சதவீதம் ஏறும். காகிதத்தில் சரியாக இருந்த வரைபடம் கையில் எடுத்தால் நகத்தைப் பெயர்க்கும் கத்தியாகிறது. அனுபவமுள்ள பட்டறை, ஸ்பிரிங்கின் உள்பக்கத்தைச் சாணையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கையால் திறந்து பார்த்து, மறுபடி தேய்த்து, அந்த அளவைப் பிடித்து வைத்திருக்கும். புதிய பட்டறைக்கு அந்த அளவு இன்னும் கைக்கு வந்திருக்காது. முதல் கத்திகள் சொன்ன நாளுக்கு வராமல் இழுத்துக்கொண்டே போவதற்கு இது முக்கியமான காரணம் என்பது என் எண்ணம்.

தடிமனைச் சொல்லிவிட்டேன், பதம் பாக்கி. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். ஸ்பிரிங் நன்றாக வளைய வேண்டும், அதனால் மென்மையான எஃகு வேண்டும் என்று நினைக்கிறார்கள். எஃகை எப்படிப் பதப்படுத்தினாலும் அதன் விறைப்பு ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகள், ஒன்று பதம் போட்டது, மற்றொன்று போடாதது. இரண்டையும் கொஞ்சமாக வளைக்க ஒரே விசைதான் வேண்டும். வித்தியாசம் விட்ட பிறகுதான் தெரியும். பதம் இல்லாதது அதிகம் வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். பதம் உள்ளது திரும்பி வரும். பதம் மிஞ்சிப்போனது முறிந்துவிடும்.

அந்தப் பதம் எப்படி வருகிறது? இந்தவகைக் கத்திகளில் அதிகம் புழங்கும் 1095 என்ற எஃகை எடுத்துக்கொள்வோம். இரும்போடு ஏறத்தாழ 0.95 சதவீதம் கரிமம், சிறிது மாங்கனீசு, அவ்வளவுதான். சாதாரண வெப்பத்தில் இரும்பின் படிக அடுக்குக்குள் கரிம அணுக்களுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கினால் இரும்பு அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன, கரிமம் அந்த இடைவெளிகளில் கரைந்து உட்கார்ந்துவிடுகிறது. மெதுவாக ஆறவிட்டால் அது சாவகாசமாக வெளியேறிவிடும். சட்டென்று எண்ணெயில் தோய்த்தால் வெளியேற நேரம் கிடைக்காது. இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கிறது, உள்ளே கரிமம் மாட்டிக்கொண்டு அடுக்கையே இழுத்துக் கோணலாக்குகிறது. இந்தக் கோணல் அடுக்குக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் வந்தது. எஃகின் கடினமெல்லாம் இந்தக் கோணலில்தான் இருக்கிறது.

1095 அவசரக்கார எஃகு. உலையிலிருந்து எடுத்த அலகு முதல் சில நூறு டிகிரிகளை ஒரு விநாடிக்குள் இழக்காவிட்டால் பதம் முழுதாக ஏறாது. இதற்கு நேர்மாறாக, 200 டிகிரிக்குச் சற்று மேல் வரை மார்ட்டென்சைட் உருவாகவே தொடங்குவதில்லை. எண்ணெயிலிருந்து அந்த நேரத்தில் எடுத்தால் அலகு சில விநாடிகளுக்கு மென்மையாகவே இருக்கும். கோணியிருந்தால் கையுறை போட்ட கையாலேயே நிமிர்த்திவிடலாம். அந்தச் சில விநாடிகள் போனால் போனதுதான், அப்புறம் நிமிர்த்தினால் உடையும்.

தோய்த்த அலகு கண்ணாடி மாதிரி, கீழே போட்டால் தெறிக்கும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் வைத்துக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். அலகுக்கு 200 டிகிரியை ஒட்டி. ஸ்பிரிங்குக்கு 350 டிகிரிக்கும் மேல். ஒரே எஃகு, இரண்டு சூடு, இரண்டு குணம். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் அலகு 57 முதல் 60 வரை நிற்கும், ஸ்பிரிங் 50ஐ ஒட்டி இருக்கும். இந்த அளவு எடுப்பது சுவாரசியமான வேலை. வைரக் கூம்பை 150 கிலோ எடையில் எஃகின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் பதிந்தது என்று பார்க்கிறார்கள். ஒரு புள்ளி என்பது 0.002 மில்லிமீட்டர். 60க்கும் 50க்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் 0.02 மில்லிமீட்டர் பள்ளம்தான்.

கத்திக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள உறவு பழையது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர், கடிகார ஸ்பிரிங்குக்குச் சீரான எஃகு கிடைக்காமல் சலித்து, களிமண் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். பக்கத்திலேயே இருந்த ஷெஃபீல்டு கத்திக் கொல்லர்கள் இது ரொம்பக் கடினம், வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். அவர் பிரான்சுக்கு விற்றார். அங்கிருந்து நல்ல கத்திகள் வரத் தொடங்கிய பிறகுதான் இவர்கள் வழிக்கு வந்தார்கள். அந்த ஊரில் மடக்குக் கத்தி கோப்பவர்களுக்கு 'ஸ்பிரிங் கத்திக்காரர்' என்றே தொழிற்பெயர் இருந்தது. அலகை வைத்து அல்ல, ஸ்பிரிங்கை வைத்து!

சரி, முதல் கத்தி கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூடிய நிலையில் முதுகின் மேல் நகத்தை ஓட்டுங்கள். ஸ்பிரிங்கும், பிடிக்குள் அதன் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் தகடுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பாதி திறந்து மறுபடி ஓட்டுங்கள், முழுதாகத் திறந்து இன்னொரு முறை. மூன்றிலும் நகம் தடுக்காமல் போனால், அச்சிலிருந்து மூன்று பக்கங்களும் ஒரே தூரத்தில் இருக்கின்றன என்று பொருள். பதம் போடும்போது எஃகு பருத்துக் கோணும் என்பதால் இதைப் பதத்துக்குப் பிறகுதான் தேய்த்துச் சரிசெய்ய முடியும். வேகப்படுத்த வழியில்லாத வேலை இது. முதல் தொகுதியில் பாதி நிலையில் மட்டும் ஸ்பிரிங் தலைமுடி அளவுக்கு உள்ளே இறங்கியிருந்தால் நான் மன்னித்துவிடுவேன். முழுதாகத் திறந்த நிலையில் இருந்தால் மாட்டேன்.

அடுத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் தகடுக்கும் இடையே வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அச்சாணியின் தலையைச் சம்மட்டியால் தட்டி விரிக்கும்போது நடுவே மெல்லிய தகடு ஒன்றை வைத்து இடைவெளி விடுவார்கள். அது தடித்தால் அலகு ஆடும், மெலிந்தால் இறுகும். தொடக்கத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது, புழக்கத்தில் தளரும்.

கடைசியாக அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இருபது முப்பது தடவை திறந்து மூடுங்கள். கறுப்பாக ஒரு கசடு வெளியே வரும். பயப்பட வேண்டாம், அது சாணைத் தூள். துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு. எண்ணெய் தெளிவாக வரும்வரை இப்படியே செய்துவிட்டு, அப்புறம் காதருகே வைத்துத் திறந்து பாருங்கள்.