பூட்டிய கோப்பு அடுத்தவர் கணினியிலும் திறக்க வேண்டும்

புதுக்கடையில் ஒரு சட்டத்தரணி காணி உறுதியை ஸ்கேன் செய்து, பாஸ்வேர்ட் போட்டு, வெளிநாட்டிலிருக்கும் கட்சிக்காரருக்கு அனுப்புகிறார். இங்கே விண்டோஸ், அங்கே மேக். கோப்பு திறப்பதில்லை. இரண்டு தடவை தொலைபேசியில் பேசிப் பார்த்துவிட்டு, "சரி, அப்படியே வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கோ" என்று முடிந்துவிடும். கொழும்பில் சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துவரும் எனக்கு இது பழகிப்போன கதை. பூட்டை யாரோ உடைப்பதைவிட, திறக்க முடியாமல் நாமே அதைக் கைவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

ஆகவே, அனுப்புமுன் பெறுபவரிடம் என்ன கணினி இருக்கிறது என்று கேளுங்கள். விண்டோஸுடன் வரும் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டிய பென்டிரைவை மேக் தானாகத் திறக்காது. மேக்கில் பூட்டிய டிஸ்க்கை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. அலுவலகம் முழுக்க விண்டோஸ் என்றால் பிட்லாக்கரே போதும்.

ஓரிரு கோப்புகள் அனுப்ப நான் சொல்வது 7-ஸிப், கோப்புகளைச் சுருக்கிப் பாஸ்வேர்டால் பூட்டும் மென்பொருள். இலவசம். மேக்கில் கேகா, அண்ட்ரொய்டில் ஸீஆர்க்கைவர் போன்ற செயலிகள் அதைத் திறக்கும். லினக்ஸிலும் சிக்கல் இல்லை. வடிவத்தை மட்டும் ஸிப் என்று விடாமல் 7இசட் என்று மாற்றுங்கள். ஸிப் வடிவத்தில் அது தானாகத் தேர்வது ஸிப்கிரிப்டோ என்ற பழைய பூட்டு முறை. அதை உடைக்கும் வழியை பிஹாம், கோச்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994இலேயே வெளியிட்டுவிட்டார்கள். 7இசட் பயன்படுத்துவது ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டு முறை. பாஸ்வேர்ட் பெட்டிக்குக் கீழே கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தெரிவு இருக்கிறது, அதையும் குறியிடுங்கள். இல்லாவிட்டால் 'பணிநீக்கக் கடிதம்' என்ற பெயர் பாஸ்வேர்ட் இல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

ஒரே கோப்புறையைப் பலர் கிளவுட்டில் வைத்து நாளாந்தம் பயன்படுத்தினால், கிளவுட் கோப்புகளைப் பூட்டும் கிரிப்டோமேட்டர் பொருத்தம். பென்டிரைவில் கொண்டுபோக, அதில் பூட்டிய பெட்டி போன்ற ஓர் இடத்தை உருவாக்கும் வெராகிரிப்ட். அந்தப் பெட்டியின் உள்ளே, விண்டோஸுக்கும் மேக்குக்கும் பொதுவான எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்தால் மேக்கிலும் எழுதலாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பும் நிற்கும்.

இனி பாஸ்வேர்ட். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பலர் அடையாள அட்டை இலக்கத்தையே போடுகிறார்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூடும். பிறந்தநாளோ முகநூலில் கிடக்கிறது. மிஞ்சுவது நான்கு இலக்கங்கள், அதாவது வெறும் 10,000 சாத்தியங்கள். அத்தனையையும் முயன்று பார்ப்பது சாதாரண மடிக்கணினிக்கும் பெரிய வேலையல்ல. புதிய 12 இலக்க எண்ணிலும் பிறந்த நாள் அப்படியே உள்ளே இருக்கிறது.

தமிழில் பாஸ்வேர்ட் வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. யோசனை நல்லது, ஆனால் கணினி மாறும்போது காலை வாரிவிடும். 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை, கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொது முறையான யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் அரவும் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பாஸ்வேர்டுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிப் பழகியவர் தட்டுவது உண்மையில் ஆங்கில எழுத்துகளையே. பெட்டியில் வெறும் புள்ளிகள் தெரிவதால் எங்கே பிழைத்தது என்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வையுங்கள்; எந்த விசைப்பலகையிலும் வரும், தொலைபேசியில் சொல்லவும் சுலபம்.

ஆம், தொலைபேசியில்தான் சொல்ல வேண்டும். கோப்பு போன அதே மின்னஞ்சலில் பாஸ்வேர்டையும் எழுதினால் பூட்டியதில் பயனில்லை. சொன்ன கையோடு, பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைக்கும் மென்பொருளான கீபாஸ்எக்ஸ்சியில் பதிந்து வையுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது ஓடும். 7இசட் கோப்பின் பாஸ்வேர்ட் மறந்துபோனால் அந்த மென்பொருளை எழுதியவராலும் திறந்து தர முடியாது.