கண்கண்ட சாட்சி: கொலையைப் பார்த்தது வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

கொலை வழக்கு மேன்முறையீடு பற்றிய செய்திகளில் "கண்கண்ட சாட்சிகளான பிள்ளைகளின் சாட்சியத்தை ஏற்று" என்று ஒரு வரி வரும். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு இது பழகிய வரிதான், மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் வரி. கொலை நடந்தது வீட்டுக்குள், பார்த்தது பிள்ளைகள் மட்டும், கூண்டில் நிற்பவரும் அதே பிள்ளைகளுக்குத் தகப்பனோ மாமாவோ சித்தப்பாவோ. சின்னப் பிள்ளை சொன்னதை வைத்து ஒருவருக்கு மரண தண்டனை கொடுக்கலாமா என்று உடனே கேட்கிறோம். இலங்கையில் 1976க்குப் பிறகு அந்தத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்றாலும் தீர்ப்பாக இன்றைக்கும் வழங்கப்படுகிறது, அதனால் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. பதிலில் ஒரு பாதி சட்டத்தில் இருக்கிறது, மற்றப் பாதி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சாட்சி வடமொழியிலிருந்து வந்த சொல். பக்ஷி பட்சியானது போல சாக்ஷி சாட்சியானது. 'சாட்சாத் முருகனே வந்த மாதிரி' என்கிறோமே, அந்த 'சாட்சாத்'துக்குக் 'கண்ணெதிரே' என்று பொருள், அதிலிருந்து பிறந்ததுதான் இதுவும். நேரில் கண்டவன் என்ற பொருளில் இந்தச் சொல் அமைவதை வடமொழிக்கு இலக்கணம் எழுதிய பாணினியே சொல்லியிருக்கிறார். ஆக, சாட்சி என்றாலே கண்ணால் கண்டவர்தான். பிறகு பொருள் விரிந்தது. உடலைப் பரிசோதித்த சட்ட வைத்திய அதிகாரியும் சாட்சி, வாக்குமூலம் எழுதிய பொலிஸ்காரரும் சாட்சி, கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சி. அதனால் உண்மையிலேயே பார்த்தவரைப் பிரித்துக் காட்ட முன்னால் 'கண்கண்ட' என்று ஒட்டவேண்டி வந்தது. கூறியது கூறலாகத் தெரிந்தாலும் வழக்கில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

தமிழில் இதற்குப் பழைய சொல் கரி. அடுப்புக்கரியும் யானையைக் குறிக்கும் கரியும் வேறு. "நிரப்பிடும்பை தானேயும் சாலும் கரி" என்று குறள் 1060இல் வருவது சாட்சி என்ற பொருளில்தான், வறுமைத் துன்பமே போதுமான சாட்சி என்கிறது அது. பொய்ச்சாட்சி சொன்னவன் ஒரு மரத்தின் கீழ் போய் இருந்தால் அந்த மரமே வாடிவிடும் என்ற நம்பிக்கை கலித்தொகையில் இருக்கிறது, "கரிபொய்த்தான் கீழிருந்த மரம்போல" என்று 34ஆம் பாட்டு. சிலப்பதிகாரத்தில் சதுக்கப்பூதம், அதாவது நாற்சந்தியில் இருக்கும் பூதம், பிடித்துத் தண்டிக்கும் ஆட்களின் பட்டியலில் பொய்க்கரியாளரும் உண்டு, நாம் கள்ளச்சாட்சிக்காரர் என்கிறோமே அவர்கள்தான்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது அகநானூறு 256. கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு அவளை அறியவே அறியேன் என்று பொய்ச் சத்தியம் செய்கிறான், ஊர் அவை கூடி "அறிகரி கடாஅய்", அதாவது நடந்ததை அறிந்த சாட்சியை விசாரித்து, உண்மை தெரிந்ததும் அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் நீறு கொட்டுகிறது. குற்றச்சாட்டு, மறுப்பு, சாட்சி விசாரணை, தண்டனை எல்லாம் சில அடிகளுக்குள். அதில் 'அறிகரி' என்ற சொல்லைப் பாருங்கள். அது யாருடைய பிள்ளை, என்ன வயது என்ற பேச்சே அந்தச் சொல்லில் இல்லை, அறிந்தவரா என்ற ஒன்றுதான்.

நம்முடைய சான்றுக் கட்டளைச் சட்டமும், அது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், ஏறக்குறைய இதையே கேட்கிறது. 118ஆம் பிரிவின்படி எல்லோரும் சாட்சி சொல்லத் தகுந்தவர்கள். இளவயது, மிகுந்த முதுமை, நோய் போன்ற காரணத்தால் கேள்வியை விளங்கிக்கொள்ளவோ பொருத்தமாகப் பதில் சொல்லவோ முடியாது என்று நீதிமன்றம் கருதினால்தான் விலக்கு. இத்தனை வயது ஆகியிருக்கவேண்டும் என்று அங்கே எண் எதுவும் இல்லை. 60ஆம் பிரிவு, பார்த்த விடயம் என்றால் பார்த்தேன் என்று சொல்லும் ஆளே வந்து சொல்லவேண்டும் என்கிறது. 134ஆம் பிரிவு, ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை பேர் என்ற கணக்குக் கிடையாது என்கிறது. ஆகவே ஒரேயொரு பிள்ளையின் சாட்சியத்திலும் ஒரு தீர்ப்பு நிற்கலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனாலும் நீதிபதிகள் எச்சரிக்கையாக இருப்பார்கள், வேறு சான்று துணைக்கு நிற்கிறதா என்று தேடுவார்கள். பிள்ளை சொன்ன இடத்தில் காயம் இருக்கிறதா, சொன்ன ஆயுதத்தோடு அது பொருந்துகிறதா, சம்பவம் நடந்த உடனே பிள்ளை யாரிடமாவது சொன்னதா, இதெல்லாம் பார்க்கப்படும்.

உறவு என்பது அடுத்த சிக்கல். 1953இல் இந்தியாவின் உச்ச நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில், செத்தவரின் நெருங்கிய உறவினர் உண்மையான கொலையாளியைத் தப்பவிட்டு அப்பாவி ஒருவரை மாட்டிவிட மிகக் குறைவாகவே விரும்புவார் என்று சொன்னது. (அங்கே உச்ச நீதிமன்றம் என்பது இங்கே உயர் நீதிமன்றம், அவர்களுடைய உயர் நீதிமன்றம் நமக்கு மேல் நீதிமன்றம். இந்தியச் செய்தியையும் இலங்கைச் செய்தியையும் மாறிமாறிப் படிப்பவர்கள் இதில் கட்டாயம் குழம்புவார்கள்.) நல்ல வாதம்தான், ஆனால் செத்தவரும் கூண்டில் நிற்பவரும் ஒரே குடும்பம் என்றால் அது இரண்டு பக்கமும் வெட்டும். தாய் இறந்து தகப்பன் உள்ளே போனபின் பிள்ளைகள் அம்மம்மா வீட்டில் வளர்வார்கள், மேன்முறையீட்டில் முதல் வாதமே அம்மம்மா சொல்லிக்கொடுத்து வளர்த்த சாட்சி என்பதாக இருக்கும். அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரிச் சொன்னால் பாடமாக்கியது என்பார்கள், கொஞ்சம் வேறுபட்டால் முரண்பாடு என்பார்கள். என்னைக் கேட்டால், கதவருகே நின்ற பிள்ளையும் கட்டிலில் படுத்திருந்த பிள்ளையும் ஒரே காட்சியை அச்சடித்த மாதிரிச் சொல்வதுதான் சந்தேகப்பட வேண்டியது.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது, மொழி. கொழும்பில் தமிழ்ப் பிள்ளை தமிழில் சொல்லும், உரைபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்வார், பதிவேட்டில் ஏறுவது பெரும்பாலும் அந்தச் சிங்களம்தான். 'மாமா குத்தினவர்' என்று ஒரு பிள்ளை சொல்வதாக வைத்துக்கொள்வோம். கத்தியால் குத்தினாலும் குத்துத்தான், கையைப் பொத்திக் குத்தினாலும் குத்துத்தான், தமிழ் கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். சிங்களத்தில் இந்த இரண்டுக்கும் பொதுவாக வேறு வேறு வினைச்சொல், ஆகவே பெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பொலிஸில் ஒருவர் ஒரு மாதிரிப் பெயர்த்து, சில வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில் இன்னொருவர் வேறு மாதிரிப் பெயர்த்தால், பிள்ளை ஒரே சொல்லைத்தான் இரண்டு தடவையும் சொல்லியிருக்கும், ஏட்டில் மட்டும் முரண்பாடு விழுந்துவிடும். 'மாமா' என்பதும் அப்படித்தான், தாயின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, பக்கத்து வீட்டுக்காரரும் மாமா. 'நேற்று' என்பது சின்னப் பிள்ளைகளுக்குப் போன வாரமாகவும் இருக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, எந்த மாமா, கையில் என்ன இருந்தது என்று மெதுவாக ஒரு கேள்வி கேட்டுப் பதிலை எழுதிவைத்தால் பிறகு ஒரு மேன்முறையீடு முழுக்க அதில் தொங்கவேண்டி வராது.

ஏனென்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிள்ளையைப் பார்ப்பதில்லை. பிள்ளை தயங்கியதா, அழுததா, பதிலுக்கு முன் யாருடைய முகத்தையாவது பார்த்ததா என்பதைக் கண்டவர் விசாரித்த நீதிபதி, மேலே போவது ஏடு மட்டும். அதனால்தான் விசாரித்த நீதிபதியின் மதிப்பீட்டை மேலே உள்ளவர்கள் இலேசில் தள்ளுவதில்லை, அவர் முக்கியமான ஒன்றைக் கவனிக்காமல் விட்டது ஏட்டிலேயே தெரிந்தால் தவிர. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் சிறுவர் சாட்சியின் முதல் விசாரிப்பைக் காணொளியாகப் பதிந்து சான்றாகக் காட்ட வழி செய்தது. பிள்ளையின் சொந்தச் சொல் அதன் சொந்தக் குரலிலேயே இருப்பதால், மொழிச் சிக்கலுக்கும் அதுதான் நல்ல மருந்து.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சட்டத்தின் பெயரிலேயே இருக்கும் சான்று நல்ல தமிழ், 'சால்' என்ற வினையிலிருந்து வந்தது, நிறைதல், போதுதல், பொருந்துதல் என்று பொருள். "சாலும் கரி" என்ற குறளில் இரண்டும் பக்கத்தில் நிற்கின்றன பாருங்கள், அங்கே கரி என்பது சாட்சி, சாலுதல் என்பது அது போதுமா என்பது. மேன்முறையீட்டில் கேட்கப்படுவதும் இதுதான், பிள்ளை சொன்னது சாலுமா? ஆளைச் சான்றாளர் என்றும், அவர் சொல்வதைச் சான்றுரை என்றும், கண்கண்ட சாட்சியைக் கண்ட சான்றாளர் என்றும் எழுதலாம். அறிகரியைக் கட்டுரையில் எடுத்தாளலாம், தீர்ப்பில் போட்டால் பாதிப் பேருக்கு விளங்காது. சாட்சி என்பதையும் தூக்கி எறியத் தேவையில்லை, மனச்சாட்சி, சாட்சிக்கூண்டு என்று அது நம் வாயில் ஊறிவிட்டது. ஆனால் சாட்சி, சாட்சியம், சான்று மூன்றையும் ஒன்றாகக் கலக்கவேண்டாம். பிள்ளை சாட்சி, அது சொன்னது சாட்சியம், அந்தச் சாட்சியமும் கத்தியும் வைத்திய அறிக்கையும் எல்லாம் சேர்ந்தால் சான்று. 'சிறுவனின் சாட்சியை நிராகரித்தது' என்று எழுதினால் பிள்ளையையே பொய்யனாக்கிய மாதிரி இருக்கும். சாட்சியத்தின் ஒரு பகுதியை மட்டும் நீதிமன்றம் ஏற்காவிட்டால் அப்படியே எழுதுங்கள், எந்தப் பகுதி, என்ன காரணம் என்பதோடு.