ரோல்-ஆஃப் லாரி: உருள்வது எது?

குப்பையை நிரப்ப லாரியிலிருந்து இறக்கி வைக்கும் ரோல்-ஆஃப் கண்டெய்னரை 'உருள்கலன்' என்று எழுதுவதை நிறுத்தினால் தேவலை. அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில் 'உருள்கலன் ஊர்தி' என்றே பார்த்தேன். குப்பையோடு ஒரு பீப்பாய் தெருவில் உருண்டு வருவதுபோல இருந்தது.

பொருள் இதுதான்: மேல்பக்கம் திறந்த பெரிய இரும்புப் பெட்டி, அடியில் சிறு சக்கரங்கள். லாரியின் முதுகிலுள்ள சட்டம் ஹைட்ராலிக் விசையால் சாயும். பெட்டியின் பின்முனை தரையைத் தொடும். ஓட்டுநர் இரும்புக் கயிற்றைத் தளர்த்தியபடி லாரியை மெல்ல முன்னே நகர்த்துவார். பெட்டி சறுக்கி வந்து தரையில் உட்கார்ந்துவிடும். லாரி கிளம்பிவிடும். பெட்டி நிரம்பியதும் திரும்பி வந்து இழுத்து ஏற்றிக்கொள்ளும்.

பெட்டி வேறு, லாரி வேறு என்ற யோசனையை அமெரிக்காவில் 1930களில் பரப்பியவர்களில் ஒருவர் நாக்ஸ்வில் நகரின் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர். 'டம்ப்ஸ்டர்' என்ற சொல்லே அவர் பெயரும், கொட்டுவதைக் குறிக்கும் 'டம்ப்'பும் ஒட்டியதுதான். ரோல்-ஆஃப் அதே யோசனையின் பெரிய உருவம். 10 முதல் 40 கன கெஜம் வரை கொள்ளும்.

சரி, 'உருள்கலன்' ஏன் தப்பு? அது வினைத்தொகை. உருண்ட, உருள்கின்ற, உருளும் கலன் என்று விரியும். ஆனால் இங்கே உருள்வது அடிச்சக்கரம், கலன் அல்ல. அதோடு 'உருளை' என்றாலே நமக்கு வட்ட வடிவம்தான். இதுவோ நாலு மூலைப் பெட்டி! 'ரோல்' மட்டும் தமிழாகிவிட்டது, 'ஆஃப்' காணாமல் போய்விட்டது. விஷயமே அந்த 'ஆஃப்'பில்தான் இருக்கிறது: லாரியை விட்டு இறங்குவது. ஜெர்மன்காரர்கள் 'அப்ரோல்' என்று, 'ஆஃப்'புக்கு ஈடான 'அப்' முன்னொட்டை விடாமல் வைத்திருக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் அகப்பட்ட சொல்லோடு திருப்தியாகிவிடுகிறார்கள். பொருளைப் பார்த்துப் பெயர் வைக்காமல் சொல்லைப் பார்த்துச் சொல் வைக்கும் இந்தப் பழக்கம் குப்பை லாரியோடு நிற்பதும் இல்லை.

என் பரிந்துரை 'இறக்குபெட்டி லாரி'. ஊறுகாய், சுடுகாடு மாதிரி இதுவும் வினைத்தொகை. நடுவில் 'ப்' போடாதீர்கள். லாரி தமிழில்லையே என்பவர்களுக்கு: 'ஊர்தி' என்றால் சைக்கிளும் ஊர்திதான். கயிற்றுக்குப் பதில் கொக்கியால் இழுக்கும் வகையைத் தனியாகக் குறிக்க வேண்டுமானால் 'கொக்கி லாரி' போதும். 'ஹூக் லிஃப்ட்'டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒரு 'கொளுவி உயர்த்தி' வேண்டாம்.