இறங்கிப் போன சைக்கிள் ஏறி வருமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்கரை நடைபாதை, யூஷாகா கடல் பூங்கா தொடங்கி உம்கேனி ஆற்று முகத்துவாரம் வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர். எங்கும் ஏற்றம் கிடையாது. அங்கே வாடகைச் சைக்கிள் எடுத்தால், எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். பொதுச் சைக்கிள் திட்டம் வேறுபடுவது இந்த ஓர் இடத்தில்தான்: இங்கே எடுக்கலாம், வேறெங்கோ விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். அதன் வசதி, சிக்கல் இரண்டுமே இதிலிருந்துதான் பிறக்கின்றன.

1965இல் ஆம்ஸ்டர்டாமில் சில இளைஞர்கள் சைக்கிள்களுக்கு வெள்ளைச் சாயம் பூசி, பூட்டில்லாமல் தெருவில் விட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றார்கள். பூட்டாத சைக்கிள் சட்டத்துக்கு எதிரானது என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. 1995இல் கோபன்ஹேகன் நகரம் 20 குரோனர் நாணயம் போட்டால் திறக்கும் பூட்டைக் கொண்டுவந்தது. எடுத்தவர் யார் என்று நாணயத்துக்குத் தெரியாதே. சைக்கிள்கள் தொலைந்துகொண்டே இருந்தன. ஆளை அடையாளம் காட்டும் அட்டை வந்த பிறகுதான் திட்டம் காலூன்றியது. 2005இல் லியோன், 2007இல் பாரிஸ் என்று அது பெருநகரங்களுக்குப் பரவியது.

இன்றைய நிலையத்தில் நடப்பது இதுதான். சைக்கிளில் அதை அடையாளம் காட்டும் ஒரு மின்னணுச் சில்லு (சிப்), தூணில் ஒரு மின்பூட்டு. அட்டையையோ கைப்பேசியையோ காட்டியதும், மொபைல் வலையமைப்பு வழியாக மையக் கணினிக்குக் கேள்வி போகிறது. கணக்கு சரியாக இருந்தால் பூட்டு விலகும், கடிகாரம் ஓடத் தொடங்கும். வேறொரு தூணில் சைக்கிளைச் செருகியதும் அந்தத் தூண் சில்லைப் படித்துக் கணக்கை முடிக்கும். பல நிலையங்கள் சூரியத் தகடும் பேட்டரியும் கொண்டே இயங்குகின்றன. லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டில் இருட்டில் உட்கார்ந்து பழகிய நமக்கு இது சின்ன விஷயமில்லை. முதல் அரை மணிக்குக் கட்டணம் இல்லை அல்லது மிகக் குறைவு, அதன்பின் ஏறும் என்பது பல ஊர்களின் வழக்கம். ஒரே ஆள் நாள் முழுவதும் வைத்துக்கொள்ளாமல் சைக்கிள் கை மாறிக்கொண்டே இருக்க அது உதவுகிறது.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

ஒரு நிலையத்தில் 20 சைக்கிள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் மணிக்கு 10 போகின்றன, 2 வருகின்றன. இரண்டரை மணி நேரத்தில் நிலையம் காலி. போய்ச் சேர்ந்த இடத்திலோ தூண்கள் நிரம்பி, வருபவருக்கு விட இடமிருக்காது. அதனால்தான் சைக்கிள்களை விடத் தூண்கள் அதிகம் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால், யாரோ சைக்கிள் எடுத்துப்போன தூண் மட்டுமே காலியாக இருக்கும். இரவில் லாரி வைத்து நிறைந்த இடத்திலிருந்து காலியான இடத்துக்கு ஏற்றிச் செல்வார்கள். திட்டத்தின் பணத்தில் கணிசமான பங்கை விழுங்குகிற வேலை அது.

மேடு இருந்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். நம் டர்பனின் பெரியா மேடு கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்றால், 100 மீட்டர் ஏற ஏறத்தாழ 98,000 ஜூல் ஆற்றல் தேவை. அதைப் பத்து நிமிடத்தில் செய்ய ஏறத்தாழ 160 வாட் திறன் வேண்டும். பயிற்சி இல்லாதவரால் அலுப்பில்லாமல் தரக்கூடியது 100 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே மேட்டிலுள்ள ஹோவர்ட் காலேஜ் பல்கலைக்கழக வளாகத்தின் மாணவர் மாலையில் கடலை நோக்கிச் சைக்கிளில் இறங்குவார். திரும்பும்போது டாக்ஸி பிடிப்பார். சைக்கிள் கீழேயே கிடக்கும்.

பாரிஸ் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. 2008இல், உயரத்திலுள்ள நிலையங்களில் சைக்கிளைக் கொண்டுவிட்டால் 15 நிமிடம் கூடுதல் சவாரி நேரம் பரிசு என்றது. லாரி செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைப் பயணிகளின் கால்களே செய்தன. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. மாட்ரிட் 2014இல் தொடங்கும்போதே எல்லாவற்றையும் மின்சைக்கிள்களாக வைத்தது. மேட்டுக்கான பாரத்தை மோட்டார் சுமந்தால் ஏறுவோர் எண்ணிக்கையும் கூடும். ஆனால் பேட்டரியைச் சார்ஜ் செய்வது, மாற்றுவது என்று வேறு வேலை வந்து சேரும்.

தென்னாப்பிரிக்காவுக்கு இன்னொரு தடையும் உண்டு. இங்கே சைக்கிள் ஓட்டத் தலைக்கவசம் கட்டாயம். போகிற போக்கில் ஏறிக்கொள்ளலாம் என்பதுதானே இந்தத் திட்டத்தின் பலம்? தலைக்கவசத்தை யார் பையில் சுமந்து அலைவார்கள்? நிலையத்திலேயே கழுவிய கவசம் கிடைக்க வழி செய்யாவிட்டால் நம்மூரில் இது நடக்காது.

நிலையங்கள் நெருக்கமாகவும் இருக்க வேண்டும். பாரிஸ் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒன்று என்று வைத்தது. அதைவிட விலகினால் மக்கள் நடந்தே போய்விடுவார்கள். டர்பனில் அப்படி நெருக்கி வைப்பதென்றால் கடற்கரை, பழைய கிரே தெரு, லட்சக்கணக்கானோர் பஸ்ஸும் டாக்ஸியும் மாறும் வார்விக் சந்திப்பு, அங்கே 1860க்குப் பின் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தோர் காய்கறி விற்கும் எர்லி மார்னிங் மார்க்கெட், வடக்கே உம்கேனி சாலைக் கோயில் வரை சமதளமாகவே போகலாம்.

ஆனால் இந்திய வம்சாவளியினரான நம்மில் பலர் வாழும் சாட்ஸ்வர்த் அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த, 1950இன் குழுப் பகுதிச் சட்டம் நம் குடும்பங்களை அவ்வளவு தூரம் தள்ளியது. அந்தத் தூரத்தைச் சைக்கிள் கடக்காது. வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் உள்ள ஓரிரு கிலோமீட்டரை அது கடக்கும். அங்கும் மேடுபள்ளம்தான், ஆகவே மின்சைக்கிள் வேண்டும். இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் உலவும் இடத்தில்தான் தொடங்குகின்றன. டர்பனில் தொடங்கினால் முதல் ஆண்டிலேயே சாட்ஸ்வர்த்துக்கும் நிலையங்கள் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.