வாடை வந்தால் முதலில் காபித்தூளைத் தேடாதீர்கள்

கதவைத் திறந்ததும் கும்மென்று காபி வாசம் அடித்தால், அந்த வீட்டில் எலி செத்து மூன்று நாளாவது ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பெரும்பாலும் தப்பாது. கோயம்புத்தூரில் வீடு வீடாகப் போய் எலி, கரப்பான், கரையானுக்கு வேலை பார்க்கிறவன் நான். பதினாறு வருடம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் செத்த எலி வாடைக்குச் சாம்பிராணி போடுவார்கள், பினாயில் ஊற்றுவார்கள், மூலைக்கு நாலு அந்துருண்டையை எறிவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு கிண்ணம் கிண்ணமாகக் காபித்தூள். பரண்மேல் ஒன்று, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று, செருப்பு ரேக்கில் ஒன்று.

காபி வேலை செய்யாது என்று சொல்ல வரவில்லை. செய்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வறுத்த காபியில் நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் இருக்கின்றன. அவை மூக்கில் முதலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிணவாடை பின்னால் போய்விடும். காய்ந்த தூள் வாடையைக் கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும், ஆனால் ஒரு கிண்ணம் உறிஞ்சுகிற அளவு ரொம்பச் சொற்பம். அந்தப் பக்கம் அழுகுகிற உடம்பிலிருந்து பியூட்ரசின், கடாவரின், கந்தக வாயுக்கள் என்று நாள் முழுக்கப் புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிற மாதிரிதான். இரண்டு நாள் சமாளிப்பீர்கள், அதற்குள் ஈ முட்டை வைத்துப் புழு கீழே விழ ஆரம்பித்துவிடும். அப்புறம்தான் எனக்குப் போன் வரும்.

எலி ஏன் வீட்டுக்குள்ளேயே சாகிறது என்று கேட்பார்கள். கடைக்காரர் சொல்லியிருப்பார், "இந்தக் கேக்கைத் தின்னா எலிக்குத் தாகம் எடுக்கும், தண்ணி தேடி வெளியே போய்ச் செத்துரும்" என்று. இதைவிடப் பெரிய பொய் எங்கள் தொழிலில் இல்லை. கடையில் கிடைக்கிற நீல, பச்சைக் கேக்குகளில் பெரும்பாலும் இருப்பது புரோமடியோலோன், ரத்தம் உறையவிடாமல் செய்கிற மருந்து. தின்ற அன்றே எலி சாகாது. நாலைந்து நாள் ஆகும், சிலது ஒரு வாரம்கூட இழுக்கும். அதற்குள் உடம்பு தளர்ந்து, நமக்கெல்லாம் காய்ச்சல் வந்தால் போர்வைக்குள் போய்ப் படுப்பது போல அதுவும் தன் பொந்துக்குத்தான் போகும். உங்கள் வீட்டு ஃபால்ஸ் சீலிங்தான் அதன் பொந்து என்றால் அங்கேதான் சாகும். விஷம் வைக்கிறவர்கள் வாடையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும். நான் வீட்டுக்குள் விஷம் வைப்பதையே பெரும்பாலும் விட்டுவிட்டேன்.

சரி, செத்துவிட்டது. தேடுவது எப்படி? முதலில் அந்தக் காபிக் கிண்ணங்களையும் ஊதுபத்தியையும் எடுத்து வெளியே வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், ஒவ்வொரு அறைக் கதவையும் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். நீங்கள் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய்விட்டு வாருங்கள், ஏனென்றால் ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு மரத்துவிடும். (சென்ட் கடையில் நடுநடுவே காபிக்கொட்டையை மோந்து பார்க்கச் சொல்வார்களே, அது மூக்கைப் புதுப்பிக்கும் என்று. சோதித்துப் பார்த்ததில் வெறும் காற்றை மோந்தவர்களைவிட அவர்கள் ஒன்றும் நன்றாகச் செய்யவில்லை. வெளிக்காற்று போதும்.) திரும்பி வந்து ஒவ்வொரு அறையாகத் திறந்து முதல் மூச்சிலேயே எடைபோடுங்கள். இரண்டாவது மூச்சை நம்பாதீர்கள்.

அறை தெரிந்தபின் ஈயைப் பாருங்கள். பளபளவென்று பச்சையாகவோ நீலமாகவோ பெரிய ஈ நாலைந்து ஒரே இடத்தைச் சுற்றினால் அங்கேதான். நான் அதிகம் எடுத்த இடம் ஃபிரிட்ஜின் அடியில் கம்ப்ரஸர் பக்கம், அந்தக் கதகதப்பு எலிக்குப் பிடிக்கும். அடுத்தது மாடுலர் கிச்சனில் அடிப்பலகைக்குப் பின்னால், அந்தப் பலகையைக் கழற்ற வரும் என்பதே பாதி வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. அப்புறம் பரண், வாஷிங் மெஷினின் அடி, பழைய சோபாவின் கீழ்த்துணிக்குள். சுண்டெலி என்றால் சில நாளில் காய்ந்து வாடை அடங்கிவிடும். பெரிய எலி இரண்டு மூன்று வாரம் படுத்தும். பெருச்சாளி பற்றிப் பேசவே வேண்டாம்.

வாடை என்று வந்தாலே செத்த எலிதான் என்று முடிவுகட்டுவதும் தப்பு. மூஞ்சூறு உயிரோடு ஓடினாலே நாறும். அதன் விலாவில் வாடைச் சுரப்பி இருக்கிறது, ஓடின சுவரோரமெல்லாம் அந்த வீச்சம் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையார் வாகனமாக இருந்தாலும் மூஞ்சூறு எலி இனமே இல்லை, கரப்பானையும் பூச்சியையும் தின்று பிழைக்கிற பிராணி, அதற்கு விஷம் வைப்பது நம் வேலையை நாமே கெடுத்துக்கொள்வது. இன்னொன்று சுவிட்ச் போர்டு. ஒயர் சூடேறி பிளாஸ்டிக் கருகினால் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை வரும். எலி ஒயரைக் கடித்த வீட்டில் அந்தக் கவிச்சியையும் செத்த எலி என்றே நினைத்துக்கொள்வார்கள். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அது எதையாவது கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும், ஒயர் அதற்கு வசதி.

மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்துவது. கேஸ்.

சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்கேப்டன் என்கிற கந்தகப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அழுகலும் கந்தகம், இதுவும் கந்தகம், லேசாக வரும்போது குழம்பத்தான் செய்யும். மூன்று வருடத்துக்கு முன்னால் வடவள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா காலையில் போன் செய்தார். "தம்பி, சிங்க் கிட்ட எலி செத்துக் கிடக்குது போல, நாலு நாளா காபித்தூள் வெச்சும் அடங்கலீங்க. வாணலியில போட்டு வறுத்துப் புகை காட்டினா போயிரும்னு சொல்றாங்க, அதைப் பண்ணிட்டு இருக்கவா, நீங்க வர மத்தியானம் ஆகுமில்ல?" காபித்தூளைக் கருக வறுத்துப் புகை போடுவது பழைய வைத்தியம்தான், நானே செய்திருக்கிறேன். ஆனால் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: வாடை எந்நேரமும் இல்லையாம், காலையில் சமையல்கட்டுக் கதவைத் திறக்கும்போது அதிகமாம், பகலில் காணாமல் போய்விடுமாம். செத்த எலி அப்படி லீவு எடுக்காது.

"அக்கா, ஈ வருதுங்களா?"

"ஈயெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே."

"அடுப்பைப் பத்த வெக்காதீங்க. லைட் சுவிட்ச், ஃபேன், எதையும் தொடாதீங்க. ரெகுலேட்டரை மூடிட்டு ஜன்னல், கதவெல்லாம் திறந்துவிட்டு வெளியே வந்து பேசுங்க."

மேடைக்கு அடியில், சுவரோரம், பழைய ரப்பர் ட்யூபில் எலி கடித்த தடம் இருந்தது. மேல்தோல் போய், ஊசி முனை அளவுக்கு ஒரு இடம். கேஸ் காற்றைவிடக் கனமானது, ராத்திரி முழுக்க மூடிய சமையல்கட்டில் தரையோடு தரையாகத் தேங்கியிருக்கிறது. நாலு நாளாக அது கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது, காபி அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் வீட்டில் எலி ஒன்றும் சாகவில்லை. நல்ல ஆரோக்கியமாக மேடைக்கு அடியில் குடியிருந்தது.

உள்ளே கம்பிப் பின்னல் வைத்த ட்யூப் வாங்குங்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கேஸ் கசிவு என்று சந்தேகம் வந்தால் 1906 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், எந்தக் கம்பெனி சிலிண்டராக இருந்தாலும் சரி. வெளியே வந்து நின்று கூப்பிடுங்கள்.

எலியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. விளக்குமாறால் கூட்டாதீர்கள். காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியாகப் பறந்து மூச்சில் போகும். கையுறை, மாஸ்க். ஒரு பங்கு ப்ளீச் திரவத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எலி மேலும் சுற்றிலும் நனைய விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, பாலிதீன் கவரைக் கையில் மாட்டி எடுத்து அப்படியே உள்புறமாகத் திருப்பி முடிச்சுப் போடுங்கள், மேலே இன்னொரு கவர். ப்ளீச்சோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, குளோரின் கிளம்பிவிடும். எலிக் காய்ச்சல் என்கிறோமே லெப்டோஸ்பைரோசிஸ், அந்தக் கிருமி எலி மூத்திரத்தில்தான் வருகிறது, கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும் அதற்கு. மழைக்காலத்தில் எலி வீட்டைச் சுத்தம் செய்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் எலி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு காபி வையுங்கள், ஆட்சேபம் இல்லை. சிக்கரி கலக்காத தூளாக அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். டிகாஷன் இறக்கின சக்கையை வைக்கிறவர்கள் வெயிலில் மொறமொறவென்று காயவைத்து வைக்க வேண்டும், ஈரமாக வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்து அது தனி வாடை. நாய் பூனை இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில். காஃபீன் அவற்றுக்கு விஷம். என்னைக் கேட்டால் அடுப்புக்கரி நாலு துண்டு காபியைவிட நன்றாக இழுக்கும், விலையும் மலிவு. காபி வாசத்துக்கு எலி வராது என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. தூள் வைத்த கிண்ணத்துக்குள்ளேயே புழுக்கை போட்டுவிட்டுப் போன எலியைப் பார்த்திருக்கிறேன், வேறென்ன சொல்ல.

விஷம் பற்றி இன்னும் ஒன்று. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. அது ஈரலைத் தின்றுவிடும், மாற்று மருந்து கிடையாது, முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியும். பழைய ட்யூப் எங்காவது பரணில் கிடக்கும், குழந்தைக்கு அது டூத்பேஸ்ட் மாதிரிதான் இருக்கும். யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காதீர்கள், 108-க்குக் கூப்பிட்டு அந்த ட்யூபையும் கையோடு கொண்டுபோங்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் பக்கம், எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். மருந்து வைத்தது எங்களைப் போன்ற தொழிலில் இருந்தவர்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை. வருகிற ஆளிடம் லைசென்ஸ் காட்டச் சொல்லுங்கள், மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கோபித்துக்கொள்கிற ஆளை அப்படியே திருப்பி அனுப்புங்கள். தானியக் குடோனுக்கான பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்கிறேன் என்று எவன் சொன்னாலும் கதவைச் சாத்துங்கள், ஈரம் பட்டால் அது விஷவாயு.

பொறி போதும். மசால் வடை, கருவாடு, தேங்காய்ச் சில்லு, எது உங்கள் வீட்டில் மிஞ்சுகிறதோ அது. வீட்டெலி சந்தேகப் பிராணி, புதுச் சாமானைப் பார்த்தால் பல நாள் ஒதுங்கியே போகும். அதனால் முதல் மூன்று நாலு நாள் பொறியை மாட்டாமல் வெறுமனே தீனியோடு வையுங்கள், தின்று பழகட்டும், அப்புறம் மாட்டுங்கள். சுண்டெலிக்கு இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மாட்டிக்கொள்ளும்.

ஓட்டையை அடைக்காமல் பொறி வைத்துக்கொண்டே இருந்தால் தெரு எலி முழுவதும் வரிசையில் வந்து மாட்டும், அவ்வளவுதான். பென்சில் நுழைகிற இடத்தில் சுண்டெலி நுழையும். ஏசி பைப் போகிற துளை, சிங்க் பைப் சுவரில் இறங்குகிற இடம், கொல்லைக் கதவின் அடி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். இரவில் உள்ளே லைட்டைப் போட்டுவிட்டு வெளியே இருட்டில் நின்று பார்த்தால் வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் தெரிந்துவிடும். ஃபோம் அடிக்காதீர்கள், ஒரே ராத்திரியில் குடைந்துவிடும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் ஸ்க்ரப்பரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். அடைத்த பிறகு சுவரோரமாக ராத்திரி கோலமாவை மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுங்கள், ஒரு வாரம். காலையில் கால்தடம் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், இல்லாவிட்டால் செலவு மிச்சம்.